கடையை மூடிய பிறகு துப்பாக்கிப் பதிவேடுகளை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அடகுக்கடை, வேட்டைச் சாமான் கடை, மளிகையோடு சேர்ந்த தூண்டில் கடை என்று பலவகை. அவற்றில் சில கடைகளுக்கு அமெரிக்க ஃபெடரல் துப்பாக்கி லைசென்ஸும் உண்டு. எஃப்.எஃப்.எல். என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். முதலாளிகளுக்கு வயதாகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கடைகள் மூடப்படுகின்றன. வரிக் கணக்கை முடிக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். பேச்சு கடைசியில் அலமாரியில் இருக்கும் அந்தத் தடித்த பதிவேட்டில் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லியிருப்பதெல்லாம் ஃபெடரல் விதிகள். உங்கள் மாநிலத்துக்குத் தனி விதி இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

1. "கடையையே மூடியாச்சு. இனி அந்தப் புத்தகம் யாருக்கு என்னத்துக்கு?"

குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. போலீஸ் அதன் வரிசை எண்ணை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் இருக்கும் தேசியத் தடமறிதல் மையத்துக்கு அனுப்புகிறது. அந்த மையம் ஏ.டி.எஃப். துறையைச் சேர்ந்தது. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெடரல் துறை அது; லைசென்ஸ் தருவதும் அவர்கள்தான். அங்கிருப்பவர்கள் முதலில் தயாரிப்பாளரிடம் கேட்பார்கள். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், மொத்த வியாபாரி சில்லறைக் கடையைக் காட்டுவார். அந்தக் கடையின் பதிவேட்டில்தான் முதன்முதலில் வாங்கியவரின் பெயர் இருக்கும். கடை நடந்துகொண்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்வது சட்டக் கடமை. கடை மூடிவிட்டால் போனை எடுக்க ஆள் இல்லை. அதனால்தான் புத்தகம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பழைய உதாரணம் ஒன்று. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். கிடைத்த துப்பாக்கியின் எண் சி2766. இறக்குமதி செய்த நிறுவனத்தைக் கேட்டபோது, சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்கு விற்றதாகத் தெரிந்தது. அன்று இரவே க்ளைன்ஸ் ஊழியர்கள் மைக்ரோஃபிலிம் சுருளை ஓட்டி, தபாலில் வந்த ஆர்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கடை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், பதிவும் இருந்தது. இன்றைய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல்தான் வந்தது.

2. "என்னென்ன காகிதம் அனுப்பணும்? பீரோவோட தூக்கிக் குடுத்துடலாமா?"

முக்கியமானவை இரண்டு. முதலாவது, துப்பாக்கி வந்ததையும் போனதையும் எழுதும் பதிவேடு. கடைக்காரர்கள் 'பவுண்ட் புக்' என்பார்கள். இரண்டாவது, வாங்கியவர் தன் கைப்பட நிரப்பிக் கையெழுத்திட்ட 4473 படிவங்கள். இவற்றோடு, ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கி விற்றபோது அனுப்பிய அறிக்கைகளின் நகல், திருட்டு அல்லது காணாமல் போன அறிக்கைகள், 1990களில் கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கப் பயன்பட்ட பழைய பிரேடி படிவங்கள் இருந்தால் அவையும் சேரும். வேறு முறையில் பதிவு வைத்துக்கொள்ள ஏ.டி.எஃப். உங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி தந்திருந்தால், அந்தக் கடிதத்தையும் கூடவே வையுங்கள்.

விற்பனை நடக்காமல் நின்றுபோன 4473 படிவங்களைப் பலர் குப்பை என்று நினைக்கிறார்கள். அவையும் பதிவுதான். தனிக் கட்டாகக் கட்டி அனுப்புங்கள். மின்கட்டண ரசீது, சம்பளப் பட்டியல், வரித் தாள் எதுவும் போக வேண்டாம். அவற்றைப் பற்றி 15ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

3. "எத்தனை நாள் டைம்? எங்க அனுப்பணும்?"

தொழில் நின்ற நாளிலிருந்து 30 நாள். மார்ட்டின்ஸ்பர்க்கில் நீடி ரோட்டில் உள்ள மூடிய கடைகளுக்கான பதிவு மையத்துக்கு அனுப்பலாம். இல்லையென்றால் உங்கள் பகுதிக்கான ஏ.டி.எஃப். அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பெட்டி இரண்டு மூன்றுதான் என்றால் நேரில் கொடுப்பதையே நான் சொல்வேன். வழியில் ஒரு பெட்டி தொலைந்தால் அந்த வருஷங்களை யாராலும் திருப்பி எழுத முடியாது.

இதே 30 நாளுக்குள் கடையை மூடியதாக லைசென்ஸ் பிரிவுக்கும் தகவல் தர வேண்டும். பதிவேட்டை அனுப்புவதும் தகவல் சொல்வதும் இரண்டு தனிக் கடமைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறப்பவர்கள் நிறைய.

4. "இருபது வருஷம் வெச்சிருந்தா போதும், அப்புறம் கிழிச்சுப் போட்டுடலாம்னு சொல்றாங்களே?"

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2022 ஆகஸ்ட் 24 முதல் விதி மாறிவிட்டது. தொழில் நடக்கும் வரை எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும், மூடும்போது எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காகிதங்களைக் கடைக்கு வெளியே தனிக் கிடங்கில் வைக்கலாம் என்பது மட்டுமே சலுகை. அந்தக் கிடங்கும் சோதனைக்கு உட்பட்டதே.

ஆகவே கடை மூடும் வாரத்தில் "பழசெல்லாம் எதுக்கு" என்று யாராவது கிழிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள். துப்பாக்கி எளிதில் சாகாத பொருள். 1985இல் விற்ற ரிவால்வர் நாளைக்கும் சுடும்.

5. "கடையை என் மச்சானுக்கு வித்துட்டேன். அப்பவும் நான்தான் அனுப்பணுமா?"

மச்சான் தன் பெயரில் புது லைசென்ஸ் வாங்கி அதே தொழிலைத் தொடர்கிறார் என்றால், பதிவேட்டில் உரிமை கைமாறியதைக் குறித்து அவரிடம் ஒப்படைக்கலாம். விரும்பினால் அவர் உங்கள் காலத்துப் பதிவுகளை மட்டும் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிடலாம். உங்கள் லைசென்ஸில் அவர் விற்க முடியாது. லைசென்ஸ் கடைச் சாவி மாதிரி கைமாறுகிற பொருள் இல்லை.

கடை ஒரு கம்பெனியின் பெயரில் இருந்து, பங்குகள் மட்டும் கைமாறினால் கதை வேறு. லைசென்ஸ் கம்பெனிக்கே உரியது, தொடர்கிறது. கட்டுப்பாடு யார் கைக்குப் போனது என்பதை 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். பதிவேடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

6. "மூடல, பக்கத்து ஊருக்கு மாத்துறோம். இதுவும் மூடுறதா?"

இல்லை. முகவரி மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு. மாறுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே கொடுக்க வேண்டும். பதிவேடு உங்களோடு வரும்.

7. "அப்பா தவறிட்டார். லைசென்ஸ் அவர் பேர்ல. எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

இந்தக் கேள்வியோடு வருபவர்களின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். காரியம் முடிந்திருக்காது, அதற்குள் கடை வாடகை கேட்டு ஆள் வந்திருக்கும். நிதானமாகக் கேளுங்கள். மனைவி, பிள்ளை, உயிலை நிறைவேற்றுபவர் ஆகியோர், இருக்கும் லைசென்ஸின் மிச்சக் காலம் வரை அதே இடத்தில் தொழிலைத் தொடரலாம். தொடரத் தொடங்கிய 30 நாளுக்குள் லைசென்ஸை அனுப்பி, அதில் உங்கள் உரிமையைக் குறித்து வாங்க வேண்டும். இது சரக்கை ஒழுங்காக விற்று முடிக்கக் கிடைக்கும் அவகாசம்.

தொடர விருப்பமில்லை என்றால் 3ஆம் பதிலில் சொன்ன வழியேதான். முதல் வேலையாக, கடையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சரக்கையும் பதிவேட்டையும் ஒப்பிட்டு முடிக்கும் வரை சொந்தக்காரர் யாரும் "மாமா இதை எனக்குத் தரேன்னு சொன்னார்" என்று எதையும் எடுத்துப் போகக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

8. "விக்காம மிஞ்சின துப்பாக்கிய என்ன பண்றது?"

மூடும் தேதிக்கு முன்பே வழி பார்க்க வேண்டும். இன்னொரு லைசென்ஸ்காரருக்கு மொத்தமாக விற்கலாம். அப்போது அவருடைய பெயரும் லைசென்ஸ் எண்ணும் பதிவேட்டில் ஏறும். விநியோகஸ்தர் ஒப்புக்கொண்டால் திருப்பி அனுப்பலாம். பொதுமக்களுக்கு விற்றால் கடைசி நாள்வரை 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் கட்டாயம்.

அடகுக்கடை என்றால் இன்னொரு சிக்கல். அடகு வைத்தவர் தன் சொந்தத் துப்பாக்கியை மீட்க வந்தாலும் படிவமும் சோதனையும் வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்தவர் அதே துப்பாக்கியைத் திரும்ப வாங்கினால் 4473 வேண்டாம், ஆனால் திருப்பிக் கொடுத்த தேதி பதிவேட்டில் ஏற வேண்டும். "கடை மூடுகிறோம், உங்கள் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

9. "நானே வெச்சுக்கிறேனே, என் கடைச் சரக்குதானே?"

லைசென்ஸ் உங்கள் தனிப்பெயரில் இருந்தால், அது உயிரோடிருக்கும்போதே அந்தத் துப்பாக்கி உங்கள் சொந்தக் கைக்குப் போனதாகப் பதிவேட்டில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் கம்பெனி பெயரில் இருந்தால், நீங்களே ஒரே முதலாளி ஆனாலும் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. வாடிக்கையாளரைப் போல 4473 நிரப்பி, சோதனையில் தேறித்தான் வாங்க முடியும்.

எடுத்துக்கொண்டதை வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். லாப நோக்கில் துப்பாக்கி வாங்கி விற்பவர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். 2022இல் வந்த சட்டத்திருத்தம் அந்த வரையறையை இன்னும் இறுக்கியிருக்கிறது. மூடிய கடையின் சரக்கை லைசென்ஸ் இல்லாமல் விற்பது லைசென்ஸ் இல்லாத வியாபாரமாகவே பார்க்கப்படும்.

10. "புத்தகத்துல சில வரி பாதி காலியா இருக்கு. அப்படியே அனுப்பிடலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பதிவேட்டை விரித்தால் இடப்பக்கம் துப்பாக்கி வந்த விவரம்: தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வகை, காலிபர், யாரிடமிருந்து, எந்தத் தேதியில். வலப்பக்கம் போன விவரம்: தேதி, யாருக்கு, முகவரி அல்லது லைசென்ஸ் எண் அல்லது 4473 எண். வந்ததை அடுத்த வேலைநாள் முடிவதற்குள்ளும், போனதை 7 நாளுக்குள்ளும் எழுதியிருக்க வேண்டும். இடப்பக்கம் நிறைந்து வலப்பக்கம் காலியாக இருந்தால், அந்தத் துப்பாக்கி இப்போது கடையில் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு கடையில் மூடுவதற்கு இரண்டு வாரம் முன்பு நானும் அங்கிருந்த பெரியவரும் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து வரிசை எண்ணைச் சத்தமாக வாசிப்பார், நான் பச்சை அட்டைப் பதிவேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பேன். இரவு பதினொரு மணிக்கு அலமாரி காலி. புள்ளி விழாத வரிகள் ஒன்பது. ஏழு வரிகளுக்கு 4473 படிவக் கட்டிலேயே பதில் கிடைத்தது. விற்றிருக்கிறார், படிவம் இருக்கிறது, பதிவேட்டில் ஏற்ற மறந்திருக்கிறார். எட்டாவது, தயாரிப்பாளருக்குப் பழுதுபார்க்கப் போய் அங்கேயே இருந்தது. ஒன்பதாவதைக் காணவே காணோம். வரிசை எண்ணில் 8ஐ 3 என்று எழுதியிருப்பாரோ என்றுகூடத் தேடிப் பார்த்தோம். கடைசியில் காணாமல் போனதாகவே அறிவித்தார். தெரிய வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்ல வேண்டும், சொன்னார். அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டு அனுப்பியிருந்தால், துப்பாக்கி எங்காவது கிடைக்கும் நாளில் கேள்வி அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்திருக்கும்.

11. "எழுத்தெல்லாம் கோணல்மாணல், அடித்தல் திருத்தல். புதுப் புத்தகத்துல அழகா எழுதி அனுப்பட்டுமா?"

கூடாது. அசலைத்தான் அனுப்ப வேண்டும். தவறைத் திருத்த, அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். பழைய எழுத்து கோட்டுக்கு அடியில் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. 4473 படிவத்தில் தவறு தெரிந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து, நகலில் திருத்தி, ஒப்பமும் தேதியும் இட்டு, அசலோடு பின் செய்யுங்கள். அடித்தல் திருத்தல் உள்ள புத்தகத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. முப்பது வருஷப் புத்தகம் ஒரே பேனா மையில் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகம் வரும்.

12. "நாங்க எல்லாம் கம்ப்யூட்டர்லதான் போட்டோம். பென் டிரைவ் குடுத்தா சரியா?"

பதிவேட்டை மென்பொருளில் வைத்துக்கொள்ள 2016இல் ஏ.டி.எஃப். பொது அனுமதி தந்தது, கூடவே நிபந்தனைகளும் வைத்தது. மூடும்போது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முழுமையாக அச்சிட்டுக் கொடுக்கத் தயாராக இருங்கள். மின்வடிவில் சேமித்த 4473 படிவங்களுக்கான நிபந்தனைகள் 2022இல் வந்த உத்தரவில் இருக்கின்றன. அதை எடுத்து ஒருமுறை படியுங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பை அனுப்பினால் அங்கே யாராலும் திறக்க முடியாது.

சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று: மென்பொருள் சந்தாவை ரத்து செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். கடை மூடும் நாளே செலவைக் குறைக்கிறோம் என்று சந்தாவை நிறுத்திவிட்டு, தரவை மீட்க முடியாமல் தவித்தவரை எனக்குத் தெரியும்.

13. "வெள்ளத்துல பாதிப் பெட்டி போச்சு. இப்ப என்ன அனுப்புறது?"

போனது போக இருப்பதை அனுப்புங்கள். எந்த ஆண்டுகளின் பதிவு, எப்போது, எப்படி அழிந்தது என்று ஒரு கடிதம் எழுதி மேலே வையுங்கள். நனைந்து ஒட்டிப்போன தாள்களை நீங்களே பிரிக்க முயன்று கிழிக்காதீர்கள். மூடும்வரை காத்திருக்காமல், அழிந்தது தெரிந்த அன்றே உங்கள் பகுதி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

14. "இப்படி எல்லாத்தையும் அரசாங்கம் வாங்கி வெச்சுக்கிட்டா, யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு பட்டியல் போட்ட மாதிரி ஆகாதா?"

நியாயமான கேள்வி, இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், அந்த மாதிரிப் பதிவு முறையை விதிகள் வழியாக உருவாக்கத் தடை போட்டது. மூடிய கடைகளின் பதிவுகளைப் பெயரை வைத்து மின்முறையில் தேடக் கூடாது என்று பட்ஜெட் சட்டத்திலும் எழுதியிருக்கிறார்கள். அதனால் மார்ட்டின்ஸ்பர்க்கில் உங்கள் பக்கங்கள் வெறும் படமாக இருக்கும். பெயரைத் தட்டினால் விவரம் கொட்டாது. எந்தக் கடை என்று தெரிந்த பிறகு, அந்தக் கடையின் பக்கங்களை ஒரு மனிதர் ஒவ்வொன்றாகப் புரட்டி வரிசை எண்ணைத் தேடுகிறார்.

அளவைச் சொல்கிறேன். 2021 நவம்பர் நிலவரப்படி அங்கே சுமார் 92 கோடிப் பதிவுகள் இருந்ததாகவும், அதில் 86 கோடிக்கு மேல் படமாக்கப்பட்டுவிட்டதாகவும் ஏ.டி.எஃப். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தெரிவித்தது. முன்பு காகிதச் சுமையைக் கட்டடம் தாங்காது என்று வெளியே கப்பல் கன்டெய்னர்களில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மறுபக்கமும் உண்டு. அரசின் தணிக்கை அமைப்பு 2016இல் ஏ.டி.எஃப்.பின் 4 தரவு அமைப்புகளை ஆராய்ந்து, 2இல் கட்டுப்பாடு மீறப்பட்டிருந்ததாகச் சொன்னது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. அதைக் காரணம் காட்டிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

15. "நகல் எடுத்து வெச்சுக்கலாமா? வரிக் காகிதத்தையும் சேர்த்து அனுப்பணுமா?"

அனுப்புவது அசலாக இருக்க வேண்டும். எதை அனுப்பினோம் என்ற பட்டியல், தபால் ரசீது, பெற்றுக்கொண்ட கையெழுத்து மூன்றையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 4473 படிவங்களை மொத்தமாக நகல் எடுத்து வீட்டில் வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒருவருடைய முகவரி, பிறந்த தேதி, அடையாள அட்டை எண் இருக்கிறது. வீட்டில் திருடு போனால் பொறுப்பு உங்களுடையது.

வரித் தாள்கள் உங்களிடமே இருக்கும். பொதுவாக வருமான வரி ஆதாரங்கள் 3 ஆண்டு, ஊழியர் சம்பள வரிப் பதிவுகள் 4 ஆண்டு. பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கியதற்குக் கொடுத்த 8300 படிவத்தின் நகல் 5 ஆண்டு.

16. "நான் வெறும் பழைய துப்பாக்கி சேகரிக்கிறவன். கலெக்டர் லைசென்ஸ்தான். நானும் அனுப்பணுமா?"

மூடும்போது ஒப்படைக்கும் கடமை வியாபாரம் செய்தவர்களுக்கானது. சேகரிப்பாளர் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டால் பதிவேட்டை அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. லைசென்ஸ் இருக்கும்வரை எழுதி வைக்கும் கடமை உண்டு.

17. "மெஷின் கன் மாதிரி ஸ்பெஷல் ஐட்டம் இருந்தா?"

1986 மே 19க்குப் பிறகு தயாரித்த மெஷின் கன்களை, அரசு அமைப்புகளுக்குக் காட்டும் விற்பனை மாதிரியாக (சாம்பிள்) நீங்கள் வைத்திருந்தால், தொழிலை விடுவதற்கு முன்பே அரசு அமைப்புக்கோ தகுதியுள்ள லைசென்ஸ்காரருக்கோ முறைப்படி மாற்றிவிட வேண்டும். 9ஆம் பதிலில் சொன்ன மாதிரி சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

18. "லைசென்ஸ் காலாவதியாகி மூணு வருஷம் ஆச்சு. பெட்டி இன்னும் கராஜ்லயே கிடக்கு. இப்ப அனுப்பினா மாட்டிக்குவேனா?"

தெரிந்தே ஒப்படைக்காமல் இருப்பது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதனால்தான் பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் இனிமேலும் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் "தெரியாமல் நடந்தது" என்று சொல்லும் வாய்ப்பைக் குறைக்கிறது. உங்களுக்குக் கவலை பெரிதாக இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். பேசிய வாரமே அனுப்புங்கள்.

பெட்டியைத் திறந்து, 2ஆம் பதிலில் உள்ளவை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். 4473 படிவங்களைக் கடையில் எந்த வரிசையில் வைத்திருந்தீர்களோ அதே வரிசையில் விடுங்கள். எலி கடித்த தாளாக இருந்தாலும் எடுத்துப் போடாதீர்கள். உறுதியான அட்டைப்பெட்டியில், ஒருவர் தூக்கும் அளவு கனத்தோடு அடுக்குங்கள். முதல் பெட்டியில் லைசென்ஸின் நகலும், தொழில் நின்ற தேதியைச் சொல்லும் கடிதமும் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் லைசென்ஸ் எண்ணையும் "4இல் 1", "4இல் 2" என்ற கணக்கையும் தடித்த மார்க்கரால் எழுதி, எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.